ஸ்வர்ணலதாவின் பெருங்குடல்

தி.நகரில் ஸ்வர்ணலதா குடும்பத்துக்கு ஜவுளிக்கடை. திருநெல்வேலியிலிருந்து வந்து அப்பா ஆரம்பித்தது. குடல் புற்றுநோயில் அவர் சின்ன வயதிலேயே போய்விட, ரவிக்கைத் துணிப் பக்கம் இவளும் கல்லாவில் தம்பி மகேஷுமாகக் கடை ஓடியது.

மலத்தோடு ரத்தம் போனபோது மூலம் என்று நினைத்து, கருணைக்கிழங்காகத் தின்று பார்த்தாள். நிற்கவில்லை. குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்த தபஸ்ஸும் என்ற டாக்டர் படத்தைக் காட்டினார். உள்சுவர் முழுக்க ஜவ்வரிசி கொட்டினாற்போல் கட்டிகள்.

"அபூர்வமான நோய்ம்மா, பரம்பரையா வரும். உங்கப்பாவுக்கும் இதுதான் இருந்திருக்கணும். இப்போ புற்று இல்லை. விட்டுவெச்சா வந்துடும். பெருங்குடலையே எடுத்துடணும்."

"பூராவுமா? அப்புறம் எப்படி டாக்டர் வெளிக்குப் போறது?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிறுகுடலின் நுனியை மடித்துத் தைத்து, உள்ளேயே ஒரு பை செய்து ஆசனவாயோடு இணைப்பார்களாம். அந்தத் தையல் ஆறும்வரை வயிற்றில் ஒரு துளை, அதன்மேல் ஒட்டிய பிளாஸ்டிக் பை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வயிற்றில் தொங்கிய பையை முதன்முதலாகப் பார்த்த அன்று மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். வீட்டுக்கு வந்ததும் அதற்குத் துணி உறை தைக்க ஆரம்பித்தாள். மயில்கழுத்துப் புடவைக்கு மயில்கழுத்து நிறத்திலேயே உறை.

அடுத்து மகேஷுக்குப் பரிசோதனை. "நான் கல்லு மாதிரி இருக்கேன்க்கா" என்று நழுவிக்கொண்டே இருந்தான். ஒருவழியாக, கேமரா விடுவதற்கு முன் குடலைக் காலி செய்யும் பேதி மருந்தைக் குடிக்க வைத்தாள். குடித்த கையோடு பைக்கை எடுத்துக்கொண்டு பெசன்ட் நகருக்குக் கம்பி நீட்டப் பார்த்தான். பனகல் பார்க் சிக்னலைத் தாண்டவில்லை, மருந்து முந்திக்கொண்டது. வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தவனுக்கு அவளே பாத்ரூம் கதவைத் திறந்துவிட்டாள்.

"போலே, இனிமே ஓடுறதெல்லாம் உள்ளயே ஓடு."

அவன் குடலில் ஒரு கட்டிகூட இல்லை. ரத்தப் பரிசோதனையிலும் அந்தப் பரம்பரைக் கோளாறு இல்லை என்று வந்தது. ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து தேம்பினான்.

"உனக்கு மட்டும் ஏன்க்கா?"

"ரெண்டு பேரும் படுத்துக்கிட்டா தீபாவளி யாவாரத்த யாருலே பாக்குறது? மூக்கத் தொடச்சிட்டுப் போய்க் காபி வாங்கிட்டு வா."

சில மாதங்களில் இரண்டாவது ஆபரேஷன் செய்து, துளையை மூடி, பிளாஸ்டிக் பையை எடுத்துவிட்டார்கள். இப்போதும் நாளுக்குப் பல தடவை அவள் பாத்ரூமுக்கு எழுந்து போக வேண்டியிருக்கிறது. தீபாவளிக் கூட்டத்தில் அளந்துகொண்டிருக்கும் துணியை அப்படியே வைத்துவிட்டு, "இந்தா வந்துட்டேன்மா" என்று போவாள். துணி வாங்க வந்தவர்கள் காத்திருப்பார்கள். அந்த இடைவெளியில் மகேஷ் அளக்க வந்தால், "நீங்க விடுங்க, அக்கா வரட்டும்" என்பார்கள்.