பஞ்சில் ஒட்டாத நீலம்

என் தங்கையைப் பட்டறையில் எல்லோரும் "கலர் அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். துணிக்குச் சாயம் ஏற்றும் பட்டறை. எந்தச் சிவப்பு கேட்டாலும் கண்ணளவில் கலக்கிக் கொடுப்பாள். வாயை மட்டும் திறக்க மாட்டாள். வலி என்றால் அறவே திறக்க மாட்டாள். எனக்கு அதுதான் ஆத்திரம்.

குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் அவள் விரல் நுனிகள் நீலம் பாரிக்கும். நீலத் தொட்டிப் பக்கம் நிற்கிறவள்தானே, ஒட்டியிருக்கும் என்றோம். காலையில் விரல் மடங்காது. துணி பிழிந்த வலி என்றோம். முடி கொட்டியது, தொட்டி ஆவி என்றோம். இருமிய கைக்குட்டையில் சிவப்பு தெரிந்தபோதும், சாயப்பொடி மூக்கில் ஏறியிருக்கும் என்று அவளே அலசிக் காயப்போட்டாள். அந்தப் பட்டறையில் யார் கைக்குட்டைதான் வெள்ளையாக இருந்தது?

ஒரு திங்கட்கிழமை படியேறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. அடித்துப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எக்ஸ்ரேயில் நுரையீரல் இரண்டிலும் வெள்ளைத் திட்டு. டாக்டரம்மா அவள் விரலை ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் துடைத்தார். பஞ்சு வெள்ளையாகவே வந்தது.

"இது சாயம் இல்லம்மா. மூட்டு வலி எவ்வளவு நாளா இருக்கு?"

"இருக்கும், ஒரு ரெண்டு வருஷமா," என்றாள் ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கல்லுளிமங்கி, எங்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

டாக்டரம்மா என்னை வெளியே அழைத்தார். "உடம்பைக் காப்பாத்த வேண்டிய எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்குது. விரல், மூட்டு, முடி எல்லாம் ஒரே நோய்தான். இப்ப நுரையீரல்ல இருக்கிற நுண்ணிய ரத்தக்குழாய்ல கை வெச்சிருக்கு. உள்ளயே ரத்தம் கசியுது. வெளிய வந்தது கொஞ்சம்தான்."

"பிழைச்சிடுவாளா?"

"மருந்து கேக்கணும்."

நரம்பில் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்து கடவுளையும் அவளையும் மாறி மாறித் திட்டினேன். அவள் இல்லாத வீட்டை நினைக்கவே பயமாக இருந்தது.

மருந்து கேட்டது. ஸ்டீராய்டில் முகம் உப்பிப்போய் வீட்டுக்குக் கிளம்பிய அன்று டாக்டரம்மா மாத்திரைச் சீட்டைத் தந்தார். "இது திரும்பவும் வரலாம். மாத்திரைய வாழ்நாள் முழுக்க விடக்கூடாது."

இந்த வயதில் இப்படி ஒரு தலையெழுத்தா என்று எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எதுக்குக்கா அழற? வாழ்நாள் முழுக்கன்னு சொன்னாங்களே, கேட்டியா? வந்த அன்னைக்கு அந்த வார்த்தைய யாருமே சொல்லல."