காலி நாற்காலியின் தாளம்

இன்று காலை சேரன்மகாதேவியில், சென்ற நூற்றாண்டின் பெரிய இசையமைப்பாளர் ஒருவரின் நினைவாகச் சின்னக் கச்சேரி. மைக் கிடையாது. நாங்கள் நாலே பேர், நான் வயலின்.

கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஜமுக்காளத்தில். கூடத்தில் ஒரே ஒரு மர நாற்காலி. அது அந்த இசையமைப்பாளருக்கு, காலியாகவே விடுவது வழக்கம்.

இரண்டாவது கீர்த்தனையில், மோதிரத்தால் மரத்தில் தட்டித் தாளம் போடும் சத்தம் கேட்டது. நான் ஓரிடத்தில் பிசகினேன். சத்தம் நின்றது. திருத்தி வாசித்த பிறகுதான் திரும்ப வந்தது.

கச்சேரி முடிந்ததும், அதுவரை சமையல்கட்டில் இருந்த அமைப்பாளர் அண்ணாச்சி காபியோடு வந்தார்.

“ரெண்டாவது பாட்டுல எங்கன வே தப்பு விட்டீரு?”

“நீங்க கூடத்துலேயே இல்லையே அண்ணாச்சி?”

“நாற்காலிச் சத்தம் நின்னுச்சுல்லா.”

அடுத்த வருடமும் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். வயலின் வாசிக்கும் நண்பர்கள் யாராவது எனக்குப் பதிலாகப் போகிறீர்களா? காபி பிரமாதமாக இருக்கும்.