ரம்பக்காரருக்குக் கட்டிய பந்தல்

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். கடைக்காரர் சிரித்துப் பேசினால் தராசைப் பார்ப்பேன். சொந்தக்காரர் நலம் விசாரித்தால், அடுத்து என்ன கேட்கப் போகிறாரோ என்று யோசிப்பேன். இந்தக் குணத்தால் என்னை யாரும் ஏமாற்றியதில்லை என்று வெகுகாலம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். ஒரு பந்தல் கட்டப்போய் அந்தப் பெருமை என்னை விட்டுப் போனது.

இரண்டாவது உலகச் சண்டைக் காலம் அது. சித்திரையில் கோடை மழையோடு வந்த சூறைக்காற்று எங்கள் களத்தோரம் நின்ற புளியமரத்தை வேரோடு சாய்த்துவிட்டது. மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற எங்கள் கிணற்றில் சட்டமெல்லாம் உளுத்து, எந்த நேரம் மாட்டையும் இழுத்துக்கொண்டு கிணற்றில் விழுமோ என்று இருந்த சமயம். மரம் விழுந்தது ஒருவகையில் சௌகரியம்தான். ஆனால் அறுத்துக் கொடுக்க ஆள் இல்லை. கைரம்பம் இழுக்கிறவர்கள் எல்லாரும் சண்டைக்கு மரம் அனுப்பும் காண்ட்ராக்டர்களிடம் போய்விட்டார்கள்.

அப்போதுதான் வண்டி ரம்பம் எங்கள் பக்கம் வந்தது. இரும்புச் சக்கரம் வைத்த மேசை, அதன் நடுவே வட்ட ரம்பம். இன்னொரு வண்டியில் ஆயில் இன்ஜின். இரண்டையும் மாடு பூட்டி இழுத்து வந்து, மரம் கிடக்கிற இடத்திலேயே நிறுத்தி, இன்ஜினுக்கும் ரம்பத்துக்கும் தோல்வாரை மாட்டிவிட்டால் ஒரு நாளில் பத்து நாள் வேலை முடியும். அறுத்ததில் பாதி எனக்கு, பாதி ரம்பத்துக்குச் சொந்தக்காரரான காண்ட்ராக்டருக்கு என்று பேச்சு.

ரம்பம் ஓட்டுகிறவர் ஆத்தூர்ப் பக்கத்து ஆள். ஐம்பது வயது இருக்கும். காதோரத்திலிருந்து உதடு வரைக்கும் ஒரு தழும்பு. கூட இரண்டு ஆட்கள், அவர்களும் அந்தப் பக்கத்தவர்களே.

"எங்கிருந்து வாரீங்க?" என்று கேட்டேன்.

"ராசிபுரத்துல இருந்துதான். அங்க ஒரு மாசமா ரோட்டு மரம் அறுத்தோம்."

ராசிபுரம் என்றதும் எனக்குச் சந்தேகம் தட்டியது. என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தது ராசிபுரத்தில்தான். உப்புச்சக்கரை வாங்கி நிச்சயம் ஆகிவிட்டது, ஆவணியில் கல்யாணம். எங்கள் பக்கத்தில் நிச்சயமான பிறகும் இரண்டு வீட்டாரும் சும்மா இருக்க மாட்டார்கள். வளையல்காரர், மாட்டு வியாபாரி என்று யாரையாவது அனுப்பி, வாசலில் நின்று பேச்சுக் கொடுத்துத் துப்பு விசாரிப்பார்கள். நானே மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மாட்டுத் தரகரை அனுப்பி விசாரித்தவன்தான். நான் மாட்டுத் தரகரை அனுப்பினால் அவர்கள் ரம்பக்காரரை அனுப்ப மாட்டார்களா?

துப்பு விசாரித்தால் கிடைப்பதற்கு எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. தங்கைக்குப் பதினான்கு வயதில், அப்பா இறந்த அடுத்த மாதம், ஒரு உச்சிவேளையில் பயந்து போய்ப் படுத்தாள். மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பிதற்றினாள். அம்மா பேயோட்டுகிற கோடாங்கியைக் கூட்டி வந்தாள். அவன் தங்கையைப் புளியமரத்தோடு சேர்த்து நிற்க வைத்து, உச்சி முடியில் ஒரு கொத்தைப் பிடித்து, நீளமான ஆணியில் சுற்றி, அவள் தலைக்கு மேலேயே மரத்தில் அடித்து இறக்கினான். பிறகு முடியை அரிவாளால் அறுத்து அவளை விடுவித்தான். அவள் தேறிவிட்டாள். ஊருக்கு விஷக்காய்ச்சல் என்று சொல்லி வைத்தோம். பேய் பிடித்த பெண் என்று பெயர் வந்துவிட்டால் எவன் கட்டுவான்? மரப்பட்டையும் எங்களுக்கு ஒத்தாசையாக ஆணியை நான்கு வருடத்தில் மூடிக்கொண்டது.

ரம்பக்காரர் வந்ததும் மரத்தைச் சுற்றி வந்தார். பட்டையைத் தடவினார். சின்னச் சுத்தியலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். பிறகு என்னிடம் வந்து, "ஐயா, இந்த மரத்துல ஆணி கீணி அடிச்சிருக்குதா?" என்றார்.

வந்த காரியத்தை வந்த கையோடு தொடங்கிவிட்டாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆணியா? அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. யாருங்க சொன்னது?"

"யாரும் சொல்லல. புளியமரம்னா கேக்கறது வழக்கம்." தழும்பைத் தொட்டுக் காட்டினார். "இது ஆணில பட்ட ரம்பத்துப் பல்லு. தெறிச்சு வந்துச்சு. என்கூட நின்ன ஆளுக்கு வயித்துல பட்டுது. ஆஸ்பத்திரி போற வரைக்கும் தாங்கல."

நான் அதைக் கேட்டேன். நன்றாகவே கேட்டேன். கேட்டுவிட்டு, எவ்வளவு ஜோடனையாகப் பேசுகிறார் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது பந்தல். பந்தல் போட்டால்தான் இன்ஜினைக் கிளப்புவேன் என்றார். சுற்றுகிற ரம்பத்தில் வெயில் பட்டால் பல் தெரியாதாம். கண் கூசுமாம். கூசின கண்ணுக்குத் தன் கை எங்கே இருக்கிறது என்று தெரியாதாம். இதில் நியாயம் இருந்தது. ஆனால் அவர் நிற்பதற்குக் காட்டிய இடம் எங்கள் வீட்டு வாசலைப் பார்த்து இருந்தது.

"இந்தப் பக்கம் திரும்பி நிக்கக் கூடாதுங்களா?" என்றேன்.

"காத்து மேக்கே இருந்து வருது. அப்படி நின்னா தூளெல்லாம் என் கண்ணுலதான் விழும்."

காற்றும் அவர் கட்சி.

சரி, பந்தலை நானே கட்டுகிறேன் என்று இறங்கினேன். நாலு கால் நட முடியாது. மரம் போய்வரும் பக்கம் கால் இருந்தால் இடிக்கும். ஆகவே ஒரே பக்கத்தில் இரண்டு மூங்கிலை ஆழமாக ஊன்றி, அதிலிருந்து கூரையைச் சாய்ப்பாக முன்னால் நீட்டிப் பின்னால் கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். முதலில் பனையோலையை ஒரு வரிசையாகப் போட்டேன். அவர் அண்ணாந்து பார்த்துத் தலையை ஆட்டினார்.

"பொத்தல் பொத்தலா வெயில் விழுது பாருங்க. அந்தப் புள்ளியெல்லாம் ரம்பத்து மேல ஆடும். அதுக்கு வெயிலே தேவலாம். நிழல் ஒரே சீரா இருக்கணும்."

ஓலைக்கு மேல் தென்னங்கீற்றைக் கவிழ்த்து இரண்டாவது வரிசை போட்டேன். அடுத்தபடியாகக் கயிற்று நுனிகளைப் பார்த்தார். கற்றாழை நார்க் கயிறு, முடிச்சுப் போட்ட பிறகு ஒரு சாண் தொங்கியது. "ஒரு நுனி தொங்கக் கூடாது. தோல்வார் இழுத்துச்சுன்னா பந்தலோட நானும் போவேன்" என்றார். எல்லா நுனியையும் திருப்பிச் செருகினேன். வரப்புச் சண்டையில் அளவு பிடிக்கிறவன் மாதிரி அவர் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார்.

நானும் ஒரு வேலை செய்தேன். வாசல் பக்கத்து விளிம்பை வேண்டுமென்றே தாழ்த்திக் கட்டினேன். அவர் நின்றால் கண்ணுக்கு முன்னால் ஓலைதான் தெரியும், எங்கள் வாசல் தெரியாது. அவர் உள்ளே நின்று பார்த்துவிட்டு, "ஒரு சாண் ஏத்துங்க ஐயா, மரத்தோட நுனி தெரியல" என்றார். முக்கால் சாண் ஏற்றினேன். அந்தக் கால் சாணை விட்டுக்கொடுக்க எனக்கு மனது வரவில்லை.

அன்றைக்கு மேல்மரத்தையும் கிளைகளையும் அறுத்தார். வேலை சுத்தம். நிழலில் நின்றுகொண்டு, மரத்தைத் தவிர வேறெதையும் அவர் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. பார்க்காத மாதிரிப் பார்க்கத் தெரிந்தவனைத்தான் துப்புக்கு அனுப்புவார்கள். தண்ணீர் கொடுக்க அம்மா வந்தபோது, "ஊட்ல எத்தனை பேரும்மா?" என்று கேட்டாராம். தாங்கள் குடித்தே வீட்டுப் பானைத் தண்ணீர் தீர்ந்துவிடுமோ என்று அவர் கேட்டிருக்கலாம் என்பது இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அம்மாவைக் கோபித்துக்கொண்டேன். தங்கையை வெளியே வரக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் அடிமரம் மேசைக்குப் போக வேண்டும். ஆணி இருக்கிற மரம்.

நான் கெட்டவன் இல்லை என்று இப்போதும் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆணி நான்கு வருடத்தில் துருப்பிடித்து மண்ணாகியிருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். ரம்பம் அதன் பக்கத்தில் போகாமலும் போகலாம் என்றேன். அவர் ராசிபுரத்தார் அனுப்பிய ஆள் என்றால் ஆணி இருப்பது அவருக்கே தெரியும், ஜாக்கிரதையாக இருப்பார் என்றுகூட ஒரு கணக்குப் போட்டேன். இந்தக் கணக்கோடு காலையில் களத்துக்குப் போய், கிழக்கு வெயில் சாய்வாக விழுகிறதே என்று ஒரு சோளத்தட்டுப் படலை எடுத்து, அவர் முகத்தில் வெயில் படாதபடி பந்தலில் கட்டத் தொடங்கினேன். இன்ஜின் ஓடத் தொடங்கிவிட்டது. ஆட்கள் அடிமரத்தை உருட்டி மேசையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி முடிச்சைச் செருகும்போது தங்கை வீட்டிலிருந்து வருவதைப் பார்த்தேன். நடந்து வரவில்லை, ஓடி வந்தாள். பந்தலுக்குள் நுழைந்து ரம்பக்காரருக்கு எதிரே நின்று கையை ஆட்டினாள். அவர் இன்ஜினை நிறுத்தச் சொன்னார்.

"ஏனுங்க, இதுல ஆணி இருக்குதுங்க" என்றாள்.

"அம்மிணி, ஊட்டுக்குப் போ!" என்று கத்தினேன்.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நேத்து நீங்க கேட்டது எனக்குங் கேட்டுதுங்க. எனக்குப் பேய் புடிச்சுதுன்னு கோடாங்கி அடிச்ச ஆணிங்க. எம்முடியச் சுத்தி அடிச்சாங்க."

ஆட்கள் இருவரும் மரத்தை விட்டு இரண்டடி பின்னால் போனார்கள். ரம்பக்காரர் போகவில்லை. "எந்த இடத்துலம்மா?" என்று மட்டும் கேட்டார்.

பந்தல் கட்டி மிஞ்சிய கயிறு கீழே கிடந்தது. அதை எடுத்து ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு, "அப்ப நான் இத்தனை ஒசரந்தானுங்க" என்று மூக்குக்கு நேராகப் பிடித்தாள். மரத்தில் மண் படிந்திருந்த அடிக்கோட்டிலிருந்து கயிற்றை நீட்டி வைத்தாள். கயிறு முடிந்த இடத்திலிருந்து ஒரு கை அகலத்துக்குள் சுற்றிலும் அவர் உளியால் பட்டையைச் செதுக்கினார். மூன்றாவது வெட்டில் உளி ணங்கென்று இரும்பில் பட்டது. விரல் நீளம் தோண்டிக் குறட்டால் இழுத்தார். துருவேறின ஆணி, ஆனால் முழுசாக, நடுவிரலைவிட நீளமாக இருந்தது. அதில் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் முதல் வெட்டுக்கு மரத்தில் கரிக்கோடு போட்டிருந்தார். கோடு ஆணிக் குழி மேலேயே போயிற்று.

அவர் அதை என்னிடம் காட்டவில்லை. ஒரு வார்த்தை என்னைக் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆணியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, "நீ நல்லா இருக்கணும் தாயி" என்றார். பிறகு இன்ஜினைக் கிளப்பினார். மத்தியானத்துக்குள் எனக்குச் சேர வேண்டிய சட்டங்களை நல்ல பக்கமாகப் பார்த்து எடுத்து வைத்துவிட்டு, காண்ட்ராக்டர் பாதியை வண்டியில் ஏற்றிக்கொண்டு திருச்செங்கோட்டுப் பக்கம் போய்விட்டார்கள்.

வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்திருக்க வேண்டியவன் நான். என் குணம் விடுமா? போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு போவாரே, ராசிபுரத்துக்குச் சேதி எட்டுமே என்று குடைந்தது. முந்திக்கொள்வோம் என்று அன்று சாயங்காலமே, பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓட்டிய கரிவாயு பஸ்ஸில் ஏறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளையின் அப்பா நெய் மண்டியில் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, ரம்பக்காரன் ஒருத்தன் எங்க ஊட்டப் பத்தி ஏதாச்சும் சொன்னான்னா நம்பீராதீங்க" என்றேன்.

"எந்த ரம்பக்காரனுங்க?"

"இங்க ரோட்டு மரம் அறுத்தானுங்களே."

"எனக்கு அப்படி யாரையுந் தெரியாதுங்களே." கணக்கு நோட்டை மூடி வைத்தார். "அவன் என்னங்க சொல்லுவான்?"

"சும்மாதானுங்க" என்றேன். அவர் மோர் கொடுத்து, பஸ் வரை ஆள் அனுப்பி வழியனுப்பினார். அடுத்த வாரத்தில் எங்கள் ஊருக்கு ஒரு பாய் வியாபாரி வந்தான். ஒரு பாயும் விற்காமல் இரண்டு நாள் இருந்துவிட்டு, கோடாங்கி இருக்கிற ஊரையும் கேட்டுக்கொண்டு போனான். ஆடி பிறப்பதற்குள், மாரியம்மனிடம் பூ கேட்டதில் வாக்குச் சரியாக வரவில்லை, மனம் வருத்தப்பட வேண்டாம் என்று ராசிபுரத்திலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள். தங்கையை மோகனூர்ப் பக்கத்தில் கட்டிக்கொடுக்க அதற்குப் பிறகு மூன்று வருடம் ஆயிற்று.

சேதி வந்த அன்று அவள் முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவிகளுக்கு யாருங்கண்ணா சொன்னது?" என்றாள்.

"வேற யாரு? அந்த ரம்பக்காரன்தான்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"சொன்னாச் சொல்லீட்டுப் போறாருங்கண்ணா. உசுரோட இருக்காரில்ல, அது போதும்" என்றாள்.

அவரில்லை, நான்தான் என்று சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. அவள் சாகிற வரைக்கும் வரவில்லை.