பூஜையில் வைத்த ஸ்பானர்

சின்ன வயதில் எனக்குப் பிடித்த பண்டிகை ஆயுத பூஜை. சுண்டலுக்காக அல்ல. கணக்கு நோட்டைச் சாமி முன்னால் வைத்துவிட்டால் மறுநாள் வரை அதைத் தொடு என்று யாரும் சொல்ல முடியாது. நான் நான்காம் வகுப்பு படித்த ஆண்டு, அந்த நோட்டின் மேல் அப்பாவின் ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி எல்லாம் சந்தனப் பொட்டோடு ஏறி உட்கார்ந்திருந்தன. எனக்கு இரட்டைப் பாதுகாப்பு.

அப்பா ஒரு பிக்கப் வண்டி வைத்துக்கொண்டு விசேஷ வீடுகளுக்குப் பாத்திரமும் அடுப்பும் ஏற்றிப் போவார். அது கோவில்பதாகையில் எங்கள் தெருவுக்குள் நுழையும்போதே இடது முன்சக்கரம் டொக் டொக்கென்று சேதி சொல்லிவிடும். பால் ஜாயிண்ட் தேய்ந்திருந்தது. சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைப்பதே அதுதான், நமக்குத் தோள்மூட்டு மாதிரி. கழன்றால் சக்கரம் மடங்கி வண்டி அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துவிடும். புதுசு வாங்கியாகிவிட்டது. மாட்டத்தான் ஆள் இல்லை. பூந்தமல்லி ஒர்க்‌ஷாப்பில் பூஜை போட்டு ஷட்டரை இறக்கிவிட்டார்கள்.

மறுநாள் விஜயதசமி. காட்டுப்பாக்கத்தில் புது மெஸ் திறக்கிறார்கள், விடிவதற்குள் சாமான் போய்ச் சேர வேண்டும். நல்ல நேரம் பார்த்து அடுப்பு மூட்டுகிறவர்கள் காத்திருப்பார்களா? வாக்குக் கொடுத்த அப்பா, புது ஜாயிண்டையும் சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அம்மாதான் எழுந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் வேலை பார்த்த கம்பெனியில் அதே மாதிரி ஜாயிண்ட்டுகளைத்தான் தயாரித்தார்கள். வருஷக்கணக்காக அவற்றைப் பூட்டி அனுப்பியவள், ஒன்றைக்கூட வண்டியில் மாட்டிப் பார்த்ததில்லை. நேராகப் போய் ஸ்பானரை எடுத்தாள்.

"இன்னாடி பண்ற? பூசையில வெச்ச சாமானு அது" என்று பதறினார் அப்பா.

"ஆயுதத்துக்கு வேலை குடுக்கறதும் பூசைதான்."

"சாமி கோச்சிக்கப் போவுதுடி" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

"கோச்சிக்கினா நான் பேசிக்கிறேன்க்கா. வண்டி கவுந்துதுன்னா யார் பேசறது?"

எனக்கோ வேறு கவலை. ஸ்பானருக்குத் தளர்ந்த சட்டம் கணக்கு நோட்டுக்கும் தளர்ந்துவிட்டால்?

நைட்டிக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு அம்மா தெருவில் உட்கார்ந்தாள். அப்பா ஜாக்கி போட்டு, மரக்கட்டை முட்டுக் கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றினார். தெருவில் இருந்த ஆண்கள் எல்லாரும் அன்றைக்கு மெக்கானிக் ஆகிவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனை. நட்டைக் கழற்றியும் பழைய ஜாயிண்ட் அசையவில்லை. அதன் தலையிலேயே சுத்தியலால் போடப்போன அப்பாவைத் தடுத்து, அது செருகியிருந்த இரும்பின் பக்கவாட்டைக் காட்டினாள். மூன்றாவது அடியில் பொத்தென்று விழுந்தது. கையில் எடுத்து ஆட்டினாள், கலகலவென்று ஆடியது.

புதுசை மாட்டி நட்டை இறுக்கியதும், நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே செருகும் பின்னுக்கான துளை நேராக அமையவில்லை. "கொஞ்சம் லூஸ் பண்ணு, சரியாப்பூடும்" என்றார் அப்பா.

"பின்னால திருப்பக் கூடாது. இன்னும் இறுக்கித்தான் தொளையப் புடிக்கணும்" என்றாள் அம்மா. இறுக்கினாள். துளை நேரானது. பின் உள்ளே போனது.

யோசனை சொன்ன ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை. தெருவில் போன ஐஸ்காரரைக்கூட நிறுத்தி, "எங்கம்மாதான் போட்டுச்சு" என்று சொன்னேன். அவர் கேட்கவே இல்லை.

எலுமிச்சம்பழம் வைத்து அப்பா வண்டியைக் கிளப்பினார். முதல் சவாரி எனக்குத்தான் என்று முன்சீட்டில் தாவி ஏறினேன். அம்மா வந்து என்னைத் தூக்கிக் கீழே விட்டாள்.

"நீ வேணாம். அப்பாலிக்கா போலாம்."

என் இடத்தில் அவள் உட்கார்ந்துகொண்டாள். நான் காலை உதைத்து அழுதேன், அத்தை பிடித்துக்கொண்டாள். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அம்மா ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் குனிந்துகொண்டிருந்தாள். அழுதவளை இங்கே விட்டுவிட்டு இவள் ஜாலியாகக் காற்று வாங்குகிறாளே என்று எனக்கு ஆத்திரம்.

மெயின் ரோடு வரை போய்த் திரும்பினார்கள். டொக் டொக் இல்லை. அதற்கப்புறம்தான் என்னை ஏற்றிக்கொண்டார்கள். மறுநாள் காட்டுப்பாக்கத்தில் அடுப்பு நல்ல நேரத்துக்கே பற்றியது. பள்ளிக்கூடம் திறந்ததும் இந்தக் கதையை வகுப்பு முழுக்கச் சொன்னேன். ஆனால் என் சீட்டைப் பிடுங்கிக்கொண்டாள் என்ற குறையையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டேன்.

அவள் உட்கார்ந்தது இடது பக்கம், தான் மாட்டிய சக்கரத்துக்கு நேர் மேலே. பிசகியிருந்தால் தரையில் இறங்கியிருக்கக்கூடிய பக்கம் அது. இது எனக்கு உறைத்தபோது, என் மகளுக்கே நான்கு வயது.