கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். அதை டிவியோடும் டேப் ரெக்கார்டரோடும் இணைத்து, கேசட்டைப் போட்டால் திரையில் விளையாட்டு வரும். சரஸ்வதி பூஜையன்று காட்டுவதாக தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன்.

பூஜை முடிந்து கேசட்டைப் போட்டேன். திரையில் வெறும் கோடுகள்தான் ஓடின. கேசட்டை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், டிவியைக்கூடத் தட்டிப் பார்த்தேன். வீடு நிறையப் பிள்ளைகள் காத்திருக்க, எனக்குக் கோபம் தலைக்கேறியது.

டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அதை விற்ற கடைக்கே போனேன். பத்துப் பேர் முன்னால் கத்தினேன்.

“கெட்டுப்போன ரோசாக் சாமான என் தலையில கட்டிட்டீங்களே, பாய்!”

கடைக்கார பாய் அதை வாங்கி மேசைமேல் வைத்தார். மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு உள்ளே துடைத்தார். பஞ்சு மஞ்சளாக வந்தது, மணமாகவும் வந்தது. சந்தனம்! கேசட்டைப் படிக்கும் இடம் அதுதானே, சரஸ்வதி அங்கேயே குடியிருக்கட்டும் என்று காலையில் நானே வைத்த பொட்டு.

“தூசிதான் லா. தொடச்சிக் கொடுத்திருக்கணும், எங்க தப்பு” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு என் காதருகே குனிந்தார்.

“அடுத்த பூஜைக்குப் பொட்ட வெளிய வைங்க, கிராணி.”

மாலையில் திரையில் விளையாட்டு வந்ததும் பிள்ளைகள் போட்ட கூச்சலில் தகரக் கூரையே அதிர்ந்தது. மறுநாள் பாய் கடைக்குச் சுண்டல் கொண்டுபோனேன்.

இப்போதும் வீட்டில் எது பழுதானாலும், யாரிடமும் கத்துவதற்கு முன் என் விரலை ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொள்கிறேன்.