பூக்கட்டாத விரல்கள்

எங்கள் வேலை கம்பி கட்டுவது. ராணுவத்துக்குப் போகும் கருவிகளுக்குள்ளே ஓடும் கம்பிகள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஒரு கற்றை. ஆணி அடித்த பலகையில் அவற்றை வளைத்துப் படுக்க வைத்து, மெழுகு ஏற்றிய நூலால் வரிசையாக முடிச்சுப் போட வேண்டும். கட்டி முடித்ததற்கு ஹார்னஸ் என்று பெயர். குலுங்கினாலும் ஒரு கம்பிகூட நகரக் கூடாது. அவ்வளவுதான் வேலை. அதைக்கூட முதலில் எங்களிடம் விடவில்லை.

ஹைதராபாத்துக்கு வெளியே அந்த ஆலை எழும்பிய வருஷங்கள் அவை. எல்லாம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. பெரிய மரப்பெட்டிகள். ஹார்னஸ் மட்டும் தனியாக ஒரு தகர டப்பாவில், மெழுகுத் தாள் சுற்றி இருக்கும். நம் ஆட்கள் பெட்டியைத் திறந்தார்கள், பாகங்களைச் சேர்த்துப் பூட்டினார்கள், இந்தியாவில் செய்தது என்று தகடு அடித்தார்கள்.

போகப் போக ஒவ்வொன்றாக இங்கேயே செய்யலாம் என்று ஒப்பந்தம். செய்ததை அவர்கள் நிபுணர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். முதலில் எடுத்தது ஹார்னஸை. அதற்காகத்தான் எங்களைத் தற்காலிகமாக எடுத்தார்கள். எல்லாரும் பெண்கள். பாஸ் ஆனால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் டப்பா பழையபடி வரும், நாங்கள் வீட்டுக்குப் போகலாம்.

வீடு என்று சொன்னது மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸை. அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். ரிடையர் ஆகும் வருஷம். ஆனதும் காலி செய்ய வேண்டும். எனக்கு வேலை நிலைத்தால் பக்கத்துச் சந்தில் வீடு பிடிக்கலாம். இல்லையென்றால் வட ஆற்காட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே எங்களுக்கு ஒன்றும் இல்லை.

ஒருநாள் சாப்பிடும்போது அம்மா கேட்டாள். "டப்பாவுல ரெடியா வர்றத நீங்க இன்னாத்துக்கு கட்டணும்?"

அப்பா சொன்னார். "சண்டை வந்தப்போ இன்னா ஆச்சி? லாரி குடுத்த நாட்டுக்காரன் ஸ்பேர் குடுக்கல. ரெண்டு பக்கத்துக்கும் கிடையாதுன்னுட்டான். மிலிட்டரி டெப்போல லாரிங்க செங்கல்லு மேல நின்னுக்கினு இருந்துச்சி. நான் பாத்தேன்."

"இவன் வேற நாட்டுக்காரன் இல்ல?"

"எவனா இருந்தா இன்னா. சோறு போடு."

எங்கள் பகுதிக்கு வந்த நிபுணர் உயரமான ஆள். கழுத்து எப்போதும் சிவந்திருக்கும். எதை நீட்டினாலும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். குறை இல்லாமல் கீழே வைக்க மாட்டார். அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சம்பந்தி.

முதல் முறை நாங்கள் கட்டியதை மேஜையில் அடுக்கினோம். அவருடைய டப்பாவில் வந்ததற்கும் எங்களுடையதற்கும் பார்வைக்கு வித்தியாசம் இல்லை. சம்பந்தி ஒன்றை எடுத்தார். பிளேடால் நடுவில் ஒரே இடத்தில் நூலை வெட்டி, நுனியைப் பிடித்து இழுத்தார். முடிச்சுகள் சரசரவென்று விட்டன. கம்பிகள் பிரிந்து விழுந்தன. இன்னொன்றை எடுத்தார். அதுவும். சிலது நின்றது. பலது அவிழ்ந்தது.

அவர் ஏதோ சொன்னார். மொழிபெயர்க்க வந்தவர் தயங்கி, பிறகு ஹிந்தியில் சொன்னார். "தலையில் வைத்துக்கொள்ள நன்றாக இருக்குமாம். ஹார்னஸை எங்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்."

அவர் போன பிறகு கீழே விழுந்ததைப் பொறுக்கினோம். எங்களில் மூத்தவள் ஹப்சிகுடாவிலிருந்து வரும் தெலுங்குக்காரி. எல்லாருக்கும் அவள் அக்கா. தமிழ், தெலுங்கு, உருது மூன்றையும் கலந்துதான் பேசுவாள். அவிழ்ந்த நூலைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தாள்.

"அரே, இது மல்லிப்பூ முடிச்சுடீ!"

அப்போதுதான் தெரிந்தது. எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முடிச்சில் நூல் நுனியைக் கண்ணிக்கு அடியில் விட்டு இழுக்க வேண்டும். பூட்டிக்கொள்ளும். பூ முடிச்சில் மேலே விட்டு இழுப்போம். பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். மெதுவாகக் கட்டும்போது கை சரியாகத்தான் போனது. வேகம் பிடித்ததும் பழைய முடிச்சு தானாக வந்துவிட்டது. பாவாடை கட்டும் வயசிலிருந்து பூக்கட்டிய கை. அதோடு சாயங்காலம் ஆலை பஸ்ஸில் உதிரிப்பூ வாங்கி மடியில் போட்டு வீடு வரைக்கும் கட்டிக்கொண்டே போவோம். பகலெல்லாம் ஒரு முடிச்சு, பஸ்ஸில் இன்னொன்று.

எங்கள் பகுதி எஞ்சினியர் சின்ன வயசுக்காரர். நல்ல மாதிரி. எங்களுக்காக இன்னொரு வாய்ப்பு கேட்டு வாங்கி வந்தார். வந்தவர் முகம் சரியில்லை.

"இந்தத் தடவை ஆம்பளைங்களைப் போடலாம்னு மேல சொல்றாங்கம்மா. அவங்களுக்குப் பூக்கட்டத் தெரியாதுன்னு."

நான் சொன்னேன். "நாங்களே கட்டுறோம் சார்."

"மறுபடி அதே வந்தா?"

"வராது."

அன்றைக்கு பஸ்ஸில் யாரும் பூ வாங்கவில்லை. சபதம் என்று ஒன்றும் போடவில்லை. அக்கா பூக்காரியைப் பார்த்து, வேண்டாம் என்பதற்கு, "நக்கோ" என்றாள். அவ்வளவுதான். நாங்களும் நக்கோ என்றோம். ஆபீஸில் வேலை செய்யும் ஒருத்தி பின் சீட்டிலிருந்து சீண்டினாள்.

"என்ன, எல்லாரும் வெறுந்தலை? ஏன்? யார் வீட்டுல என்ன ஆச்சு?"

அக்கா திரும்பாமல் சொன்னாள். "சம்பந்திக்கு உடம்பு சரியில்ல. போனதும் வெச்சுக்குவோம்."

பஸ்ஸே சிரித்தது.

வீட்டில்தான் கஷ்டம். வெள்ளிக்கிழமை அம்மா மொட்டு நிறைந்த தட்டை என் முன்னால் வைத்தாள்.

"கட்டு."

"மாட்டேன்."

"கை இல்லியா?"

"இல்ல."

"மிலிட்டரிக்குக் கட்டுவாளாம், சாமிக்குக் கட்டமாட்டாளாம்!"

அப்பா பேப்பரை விட்டுத் தலையை எடுக்கவில்லை. "உதிரியா போடேன். சாமி வந்து கேட்டாரா?"

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் விளக்குமாற்றிலிருந்து குச்சி உருவி, கற்றையாகப் பிடித்து, ஆலை முடிச்சாகப் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டுவேன், வெட்டுவேன், இழுப்பேன். பார்க்காமல் கட்டும் வரைக்கும் கட்டினேன். பேசிக்கொண்டே கட்டும் வரைக்கும் கட்டினேன். கோபத்தில் கட்டினாலும் நுனி அடியில்தான் போனது. பிறகு நிறுத்தினேன்.

இரண்டாம் முறை சம்பந்தி பிளேடோடு வந்தார். எங்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். பேசக் கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். நான் எழுந்தேன்.

"சார், டப்பாவுல வந்ததையும் வெட்டணும்."

"உக்காரும்மா" என்று சூப்பர்வைசர் பல்லைக் கடித்தார்.

நான் உட்காரவில்லை. "அதே பிளேடு. அதே இடம். அது எவ்வளவு நிக்குதோ, எங்களுதும் அவ்வளவு நிக்கணும். அதுக்கு மேல கேக்கக் கூடாது."

மொழிபெயர்ப்பவர் எஞ்சினியரைப் பார்த்தார். எஞ்சினியர் சொல்லுங்கள் என்று தலையசைத்தார். சம்பந்தி கேட்டுவிட்டு என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு போய் டப்பாவை எடுத்து வந்தார்.

அவருடையதை வெட்டி இழுத்தார். வெட்டின இடத்தில் ஒரு முடிச்சு தளர்ந்தது. மற்றது நின்றது. நல்ல கட்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

எங்களுடையதை வெட்டி இழுத்தார். ஒரு முடிச்சு தளர்ந்தது. மற்றது நின்றது.

இன்னொன்று. இன்னொன்று. அடியிலிருந்து ஒன்றை உருவினார். அது என்னுடையது. இரண்டு கையாலும் பிடித்து உதறினார். ஒன்றும் ஆகவில்லை. பிளேடை மேஜையில் போட்டுவிட்டு, கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"சம்பந்தி வாயில சக்கரை போடுங்கடீ" என்று அக்கா முணுமுணுத்தாள். மொழிபெயர்ப்பவர் அதை மொழிபெயர்க்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் எல்லாரும் பூ வாங்கினோம். நானும் மடியில் போட்டுக் கட்டினேன். என் நுனி அடியில்தான் போனது. இறுக்கியதில் காம்பு அறுந்து மொட்டெல்லாம் கொட்டியது. அக்கா பார்த்துவிட்டுத் தன்னுடையதில் ஒரு முழம் கிள்ளிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு நான் பூக்கட்டவில்லை. வாங்கித்தான் வைத்துக்கொள்கிறேன். அம்மா கடைசி வரைக்கும் குறை சொன்னாள், மெட்டுகுடா சந்தில் நான் பிடித்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு.

அதன் பிறகும் கப்பல் பெட்டிகள் வந்தன. மற்ற சாமான்கள் எல்லாம் இங்கே ஆக வருஷங்கள் இருந்தன. ஒருநாள் பெட்டி திறக்கும் ஆட்கள் எங்களைக் கூப்பிட்டார்கள். போனோம். ஹார்னஸ் டப்பா இருக்கும் இடத்தில் மரம் இழைத்த சுருளை அடைத்து அனுப்பியிருந்தார்கள். அக்கா நம்பவில்லை. முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவினாள்.

"காலிடீ" என்றாள்.

கை கழுவிவிட்டுப் பலகைக்குத் திரும்பினோம். அன்றைக்குக் கட்ட வேண்டியது நிறைய இருந்தது.