சொந்த வூட்டுத் திரை

அப்பா ரிட்டயர் ஆகிவிட்டதால் சுரங்கக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சொந்த வீட்டுக்குப் போகிறோம். ஓட்டை பக்கெட்டைக்கூடத் தூக்கிப்போட விடாத அம்மாவோடு என்னால் மல்லுக்கட்ட முடியாது. அதனால் வீடு ஒழுங்குபடுத்துவதையே தொழிலாகச் செய்யும் சுதாவை வரவழைத்தேன். அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்ததும், அந்துருண்டை வாசனையோடு பச்சைத் திரைச்சீலை ஒன்று வெளியே வந்தது.

அந்த வாசனையில் எனக்கு மறுபடி ஏழு வயது. நைட் ஷிப்ட் முடித்த அப்பா பகலில் தூங்குகிறார். ஜன்னலில் கயிறு கோத்துத் தொங்கவிட்ட பழைய சேலை வழியாக வெயில் அவர் முகத்தில் ஊர்கிறது. அந்த வெளிச்சத்தில் கரித்தூசு மெல்ல மிதக்கிறது. சத்தத்தில் அவர் எழுந்துவிடக் கூடாதென்று, மெஷினை மிதிக்காமல் கையாலேயே சக்கரத்தைச் சுற்றி அம்மா திரை தைக்கிறாள்.

"இதையே ஜன்னல்ல மாட்டும்மா. அப்பா மேல வெயில் படாது."

"இது சொந்த வூட்டுக்குடி. குவார்ட்டர்ஸ்ல மாட்டி எதுக்கு வீணடிக்கணும்?"

சுதா டேப்பை விரித்துத் திரையை அளந்தார். "புது வீட்டு ஜன்னலுக்கு இது பத்தாதும்மா. எந்த ஜன்னலை அளந்து தைச்சீங்க?"

அம்மா ஜன்னலருகே போனாள். ஜன்னலில் இன்றும் தொங்கிய பழைய சேலையை உருவிவிட்டு, அதே கயிற்றில் திரையைக் கோத்தாள். இம்மி பிசகாமல் பொருந்தியது. அறை முழுக்கப் பச்சை நிழல் இறங்கியது.

வெள்ளிக்கிழமை சாவியைக் கொடுக்க வேண்டும்.

"ஏங்க," என்று அம்மா அப்பாவைக் கூப்பிட்டாள். "இன்னும் நாலு நாள் இருக்கு. வந்து நல்லா தூங்குங்க."